மேளம் உள்ளே, தூக்கம் வெளியே!
(குறைந்த செலவில் வீட்டு இசைப் பயிற்சி அறைக்கு ஒலிக்காப்பு)



"கவிதை மட்டும் நாற்பது வந்து கிடக்குப்பா, சிவில் பசங்க யாராவது ஒரு தொழில்நுட்பக் கட்டுரை குடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டதால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். வீட்டில் ஓர் அறையில் வாத்தியம் பழகினால் அந்தச் சத்தம் வெளியே போகாமல் தடுப்பது எப்படி, அதையும் நம்மைப் போன்ற குடும்பங்களின் கைக்கு எட்டுகிற காசில் செய்வது எப்படி என்பதே விஷயம். டிரம்ஸ், கீபோர்டு, பறை, பேண்டு செட் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாத்தியம் தவில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

என் தந்தையார் தவில் வாசிப்பவர். தாத்தாவும் அப்படியே. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பைத் தாண்டி எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவிடம் ஐந்து பையன்கள் மேளம் பழகுகிறார்கள். முன்பெல்லாம் ஊர்க்கோடியில் ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்து சாதகம் செய்வார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. தோப்பு மனைக்கட்டாகி விற்றுப் போனபின் பயிற்சி எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தது. அந்த அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நாலே அடிச் சந்து. அங்கே குடியிருக்கும் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி, பகலில்தான் தூங்க வேண்டும். அவர் போலீசுக்குப் போகவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, பத்து நாளா சரியாத் தூங்கல. ஊசி போடற கை நடுங்குது" என்று மட்டும் சொன்னார்.

இதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? பயிற்சி நின்றால் ஐந்து பையன்களின் பிழைப்பு போச்சு. தூக்கம் நின்றால் யாரோ ஒரு நோயாளிக்குத் தப்பான ஊசி! சட்டப்படி பார்த்தாலும் இதற்கு முழு விடை இல்லை. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆனால் பகலில் தூங்க வேண்டியவர்களுக்கு என்று சட்டத்தில் தனி நேரம் கிடையாது. ஆகவே இது கட்டடக் கலை தீர்க்க வேண்டிய வழக்கு என்று நான் எடுத்துக் கொண்டேன்.

முதலில் தவிலைப் பற்றி ஒரு வார்த்தை. பலா மரத்தைக் குடைந்து செய்த உடம்பு. வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி அடிப்பது 'டக் டக்' என்று கூர்மையான ஒலி. தொப்பியில் கழியால் அடிப்பது 'தும்' என்று கனத்த ஒலி. சாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே பிறந்த வாத்தியம் இது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவதே வேறு எந்தச் சத்தமும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தானே! ஊருக்கே கேட்கப் பிறந்ததைப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் அடக்குவது என்றால் அதன் சுபாவத்துக்கே விரோதமான வேலை. இதில் 'டக்'கைத் தடுப்பது சுலபம், 'தும்'மைத் தடுப்பதுதான் கஷ்டம். காரணம் பின்னால் வருகிறது.

டெசிபல் என்பது மீட்டர், கிலோ போலக் கூட்டிக் கழிக்கும் அளவு அல்ல. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் நம் காது அவ்வளவு தாராளம் இல்லை. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் 'சத்தம் பாதியாயிடுச்சு' என்று ஒப்புக் கொள்கிறது. எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் ஆய்வகத்தில் இருந்த சவுண்ட் லெவல் மீட்டரைக் கொடுத்து உதவினார். இரண்டு தவில் வாசிக்கும்போது அறை நடுவில் 103, சந்தில் அக்காவின் ஜன்னல் ஓரம் 82. வாசிக்காதபோது சந்தில் 46. அதாவது எங்கள் அறை மொத்தமாகத் தடுத்தது 21 டெசிபல்தான். இந்த 21-ஐ எப்படி ஏற்றுவது?

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. ஒலியை வெளியே போகாமல் 'தடுப்பது' வேறு. அறைக்குள் எதிரொலியை 'உறிஞ்சுவது' வேறு. ரிக்கார்டிங் ஸ்டூடியோ படங்களில் சுவர் முழுக்கக் குழிகுழியாக ஒட்டியிருக்கிறதே, அந்த ஸ்பான்ஞ்சு உறிஞ்சுவதற்கு, தடுப்பதற்கு அல்ல. அதைப் பார்த்துத்தான் முட்டை அட்டையை ஒட்டினால் சவுண்ட் புரூஃப் ஆகிவிடும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. சொன்னால் யாரும் ஒப்புக் கொள்வதில்லை என்பதால், தம்பியை முட்டைக் கடைக்கு அனுப்பித் தொண்ணூறு அட்டை கொண்டுவரச் சொல்லிச் சுவரில் சாத்திவைத்து மீட்டர் பிடித்தோம். உள்ளே கணீரென்ற எதிரொலி கொஞ்சம் மந்தமாயிற்று. சந்தில் அதே 82! ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அப்பா சிரித்தபடி, "இதுக்கு முட்டையோட வச்சிருந்தா ஆம்லெட்டாவது போட்டிருக்கலாம்" என்றார்.

காரணம் இதுதான். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 4000 ஹெர்ட்ஸ் கூர்மையான ஒலிக்கு ஓர் அலையின் நீளம் மூன்றரை அங்குலத்துக்குள். 100 ஹெர்ட்ஸ் கனத்த ஒலிக்கோ பதினோரு அடிக்கு மேல்! பதினோரு அடி அலைக்கு இரண்டு அங்குல அட்டை எம்மாத்திரம்? யானைக்குச் சல்லடை பிடித்த கதைதான். தெர்மோகோலும் அப்படியே. எடையே இல்லாத பொருள் ஒலியைத் தடுக்காது.

தடுப்பவை இரண்டு: ஓட்டை இல்லாமை, எடை. இந்த வரிசையில்தான் காசைச் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் ஓட்டை இருக்கிறவரை எடை வீண்.

பத்தடி அகலம், ஒன்பதடி உயரச் சுவர் 90 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு சதுர அடிக்கும் குறைவாக ஓட்டை இருந்தால் அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்கவே முடியாது. மீதிச் சுவரைக் கருங்கல்லால் மூன்றடி கனத்துக்குக் கட்டினாலும் அதே 20-தான். ஓட்டையை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் உச்சவரம்பு 30. எங்கள் அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். ஷீட்டின் வளைவுகள் சுவர்மீது உட்காரும் இடத்தில் அலை அலையாக இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு வளைவுக்கு இடைவெளி சின்னதுதான். பத்தடிச் சுவருக்கு இருபது வளைவையும் கூட்டிப் பார்த்தால் முக்கால் சதுர அடிக்கு மேல் வந்தது. உச்சவரம்பு 20 சொச்சம். மீட்டர் காட்டியது 21. காகிதத்தில் போட்ட கணக்கும் சந்தில் எடுத்த அளவும் ஒத்துப்போனதைக் கண்டதும் எனக்கு உண்டான சந்தோஷம் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோதுகூட இல்லை.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி அறைக்குள் லைட்டை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தம் போகிற இடம். அடுத்து ஃபேனை நிறுத்தி ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவர் ஓரமாக நகர்த்திக் கொண்டே போனால், புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்றுக்கு வழி இருக்கிறது. ஸ்விட்ச் பாக்ஸ் குழாய்க்குள் புகை போனதைப் பார்த்து எங்கள் அம்மாவே அசந்து போனார்.

இனி எடை. ஒற்றைச் சுவருக்கு ஒரு விதி உண்டு: எடை இரண்டு மடங்கானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும். 9 அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல். இருபுறமும் பூசியிருந்தால் சுமார் 50 டெசிபல் தடுக்கும். நாலரை அங்குலச் சுவர் 45 அளவில். நம் தாத்தாக்கள் கட்டிய மண் சுவர் வீட்டுக்குள் அவ்வளவு அமைதி ஏன் என்பது இப்போது புரிகிறதா? எங்கள் அறைச் சுவர் 6 அங்குல ஹாலோ பிளாக், வெளியே மட்டும் பூச்சு, உள்ளே காசு இல்லாமல் விட்டது. இந்தக் கல்லுக்கு நுண்துளை அதிகம். பூசாமல் விட்டால் அதன் வழியாகவே ஒலி கசியும். ஆகவே முதல் செலவு உள்பூச்சு. மேஸ்திரியான என் தாய்மாமா கூலியைக் குறைத்துக் கொண்டு மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார். 5 மூட்டை சிமெண்ட், 30 கன அடி பி-சாண்ட், கூலி சேர்த்து 9,000 ரூபாய். சந்துப் பக்கம் இருந்த நாலுக்கு நாலு ஜன்னலைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியதற்கு 1,200.

"ஜன்னலை அடைக்கணுமாடா? கண்ணாடி போட்டு மூடினாப் போதாதா?" என்றார் அம்மா. கணக்கைச் சொன்னேன். சுவர் 50 டெசிபல் தடுத்து, அதிலுள்ள 16 சதுர அடி ஜன்னல் 20 மட்டுமே தடுத்தால் இரண்டுக்கும் நடுவே 45 வரும் என்று தோன்றும். வருவது 27! பலவீனமான இடம்தான் மொத்தத்தையும் தீர்மானிக்கும்.

இப்போது பெரிய செலவுக்கு வருவோம். அது கூரை. ஷீட்டின் எடை ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான். செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் ஐந்து 'இரண்டு மடங்கு' பின்தங்கி நிற்கிறது. ஐயாறு முப்பது டெசிபல் நஷ்டம். பழைய ஷீட்டில் கல்நார் உண்டு. அதை அறுப்பதோ துளை போடுவதோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே அதைத் தொடாமல், ஓர் அடி கீழே இன்னொரு கூரை போட முடிவு செய்தோம்.

இங்கேதான் 'இரட்டைச் சுவர்' தத்துவம் கைகொடுக்கிறது. ஒரே சுவரை இரண்டு மடங்கு கனமாக்கினால் 6 டெசிபல்தான். அதே எடையை இரண்டாகப் பிரித்து, நடுவில் காற்றிடைவெளி விட்டு, ஒன்றை ஒன்று தொடாமல் நிறுத்தினால் அதைவிட நிறையவே கிடைக்கும். முதல் அடுக்கு அதிர்ந்தாலும் அந்த அதிர்வு நேராக இரண்டாவதுக்குப் போக வழி இல்லை. இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கனத்த ஒலியும் அடங்கும். அரை அங்குல இடைவெளி விட்டுப் பலகை அடிப்பவர்களைப் பார்க்கிறேன். அதனால் 'தும்' அடங்காது. சில சமயம் இரண்டு பலகையும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் போல ஆடி அந்த ஒலியை இன்னும் வழிவிட்டு அனுப்பும்.

'தொடாமல்' என்ற சொல்லை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். சாதாரண ஃபால்ஸ் சீலிங்கை மேல்கூரையிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் கம்பி வழியாக அதிர்வு ஏறிவிடும், ஷீட்டும் அந்த எடையைத் தாங்காது. நாங்கள் சுவரிலிருந்து சுவருக்கு 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பெட்டிக் குழாய்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தினோம். குழாய் சுவரில் உட்காரும் முனைகளுக்கு அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டு. குழாய்களின் அடியில் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்புக்கு நேராக இரண்டாவது அடுக்கின் இணைப்பு வரக் கூடாது, செங்கல் வரிசை மாதிரி மாற்றி வைக்க வேண்டும். அதன் முதுகில் 2 அங்குல ராக்வூல் படுக்கை. சுவரும் போர்டும் சேரும் விளிம்பு முழுக்க சீலன்ட். மொத்த எடை 200 கிலோவுக்கு மேல், தலைக்கு மேலே நிற்கிறது. ஆகவே இரண்டாம் ஆண்டில் படித்த 'டபிள்யூ.எல். ஸ்கொயர் பை எட்டு' கணக்கைப் போட்டு ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே மாமா குழாயை ஏற்றினார். "மாப்ளே, இந்தப் படிப்பு இதுக்காவது ஆச்சே!" என்று அவர் சொன்னது எனக்குப் பாராட்டாகவே பட்டது. 120 சதுர அடிக் கூரைக்குப் பொருள், கூலி எல்லாம் சேர்ந்து 18,500. வேறு எதிலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் கூடாது.

கதவைப் பற்றி எனக்கு ஒரு தனி ஆதங்கம். பழைய வீடுகளில் நிலைப்படி என்று ஒன்று இருந்தது. கதவை மூடினால் அடிப்பக்கம் அதில் போய் முட்டும். இப்போது பெருக்க வசதி, துடைக்க வசதி என்று படியை எடுத்துவிட்டார்கள். கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி. மூன்றடிக் கதவுக்கு அது 18 சதுர அங்குலம். அந்தச் சின்னக் கீற்று ஒன்றே 90 சதுர அடிச் சுவரை 29 டெசிபலுக்குள் நிறுத்திவிடும்! நாங்கள் மரக்கட்டையில் படி வைத்து, நிலை முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டினோம். உள்ளே வெற்றிடமாக இருந்த கதவின் இருபுறமும் 12 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்துக் கனமாக்கினோம். கீல் மூன்றாக இருந்ததை நான்காக்கினோம், எடை கூடிவிட்டதே. சாவித் துவாரத்தை மறக்காதீர்கள். 3,500 ஆயிற்று.

தரை பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்களுடையது மண்மேல் போட்ட தரை, தடித்த கயிற்றுப் பாய் போதும். மாடியில் டிரம்ஸ் வாசிப்பவர்களுக்குத்தான் அது தலைவலி. கீழ்வீட்டுக் கூரை வழியாக அதிர்வு நேரே இறங்கும். அவர்கள் பாயை நம்பாமல், கனத்த ரப்பர்மேல் தனிப் பலகை மேடை போட வேண்டும்.

சரி, எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்று. ஆறு பேர் உள்ளே உட்கார்ந்து மேளம் வாசித்தால் மூச்சுக்கு என்ன வழி? அதுவும் நம் சித்திரை வெயிலில்! காற்றுக்கு வழி விட்டால் ஒலிக்கும் வழி விட்டதாகுமே என்று கேட்பீர்கள். ஆனால் காற்று வளைந்து நெளிந்து போகும். ஒலி ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் மோதினால் இளைத்துப் போகும். ஓர் அடிக்கு ஓர் அடி, நாலடி நீளத்தில் பிளைவுட் பெட்டி செய்து, உள்ளே மூன்று தடுப்புகளை மாறி மாறி வைத்து, உள்பக்கம் முழுக்க ஓர் அங்குல ராக்வூல் ஒட்டித் துணி போர்த்தினோம். பக்கத்து வீட்டுக்கு எதிரான கொல்லைப்புறச் சுவரில், தரையோரம் காற்று வர ஒன்று, மேலே எக்ஸாஸ்ட் ஃபேனோடு காற்று போக ஒன்று. பாதை எங்கேயும் குறுகக் கூடாது, குறுகினால் ஃபேன் விசிலடிக்கும். 3,000 ரூபாய். அப்படியும் மணிக்கொரு முறை கதவைத் திறந்து பத்து நிமிஷம் வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி இருக்கிறேன்.

இப்போதுதான் உறிஞ்சும் வேலைக்கு முறை வருகிறது. இதை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடுவோர் உண்டு. ஆனால் அடைத்த அறையில் ஒலி வெளியே போக முடியாமல் சுவருக்குச் சுவர் மோதிக் கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சாபின் என்ற பேராசிரியர் 1895-இல் ஒரு மோசமான வகுப்பறையைச் சரிசெய்யப் போய், ராத்திரியெல்லாம் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட சூத்திரத்தில் எங்கள் அறையைப் போட்டால், பூச்சுச் சுவர் மட்டும் இருக்கும்போது ஒலி அடங்க இரண்டரை விநாடி! அடுத்த சொல்லின் தலையில் முந்தின சொல் உட்கார்ந்திருக்கும், பையன்களின் கணக்குத் தப்பினால்கூட வாத்தியாருக்குத் தெரியாது. 80 சதுர அடிக்கு 2 அங்குல ராக்வூலைச் சட்டத்தில் அடைத்து நெருக்கமான பருத்தித் துணி போர்த்தி மாட்டினால் அது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலாகக் குறைகிறது. துணி அவசியம், இழைகள் உதிர்ந்து மூச்சில் போகக் கூடாது. செலவு 3,500.

இதனால் காதுக்கும் லாபம். உள்ளே 103 என்று இருந்தது 97 ஆயிற்று. ஆறுதானே என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும் என்பது. அப்படியானால் 103-இல் ஏழரை நிமிஷம், 97-இல் அரைமணி. அரைமணியும் சாதகத்துக்குப் போதாதே என்று பையன்களுக்குப் பஞ்சுக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். அப்பா மட்டும் மாட்டுவதில்லை. "நாதத்தைச் சத்தம்னு சொல்ற புஸ்தகத்தை நான் நம்பறதில்லைடா" என்கிறார். முப்பத்தைந்து வருஷமாக வாசிக்கிறவர், இப்போது டி.வி.யை எவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இது இன்னும் எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு.

ராக்வூலுக்குப் பதில் தென்னை நார் மெத்தை வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். நன்றாகவே உறிஞ்சும், நம் ஊர்ச் சரக்கு, விலையும் மலிவு. ஆனால் எரியும். ஸ்பான்ஞ்சோ அதைவிட மோசம், எரிவதோடு விஷப்புகையும் கக்கும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஓர் இசை விடுதியில் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பான்ஞ்சில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் மாண்டார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் அதே மாதிரி கூரை ஸ்பான்ஞ்சு பற்றி 242 பேர், பெரும்பாலோர் நம் வயதுக் கல்லூரி மாணவர்கள். ராக்வூல் கல்லை உருக்கி இழுத்த இழை, தீப்பிடிக்காது. எங்கள் அறைக்கு இருப்பது ஒரே வழி என்பதால், கதவுக்கு உள்ளே பூட்டு வைக்காமல் வெறும் கைப்பிடி மட்டும் வைத்தோம். பீடி, ஊதுபத்தி, சாம்பிராணி எதற்கும் அனுமதி இல்லை. ஆயுத பூஜைக்கு அப்பா தவிலுக்கு விளக்கேற்றுவது முன்கூடத்தில்தான்.

ஆக, எல்லாம் கூட்டினால் 38,700 ரூபாய். இதே அளவு அறைக்கு ஒரு கம்பெனியில் விசாரித்தபோது சொன்ன தொகையை இங்கே எழுதினால் அப்பா படித்து மயங்கி விழுவார். பணத்தில் பாதி அம்மாவின் மகளிர் குழுக் கடன், மீதி ஆவணி முகூர்த்தங்களின் சம்பளம். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்பவர்கள் கூரை விளிம்பு இடைவெளி, கதவு, ஜன்னல் மூன்றையும் அடைத்துவிட்டு அங்கேயே நிறுத்திக் கொள்ளலாம். அதற்கே பலன் கண்கூடாகத் தெரியும். தப்பித் தவறியும் அந்தப் பத்தாயிரத்துக்கு ஸ்பான்ஞ்சு வாங்காதீர்கள்.

வேலை முடிந்து மீட்டர் பிடித்தோம். சந்தில் 56. முன்பு 82. ஆற்றல் கணக்கில் நானூறில் ஒரு பங்கு. அக்கா தன் ஜன்னலை மூடிக்கொண்டால் வலந்தலை துளிகூடக் கேட்பதில்லை என்கிறார். தொப்பி மட்டும் 'எங்கேயோ தூரத்தில் நெல் குத்துகிற மாதிரி' கேட்கிறதாம். நான் முன்பே சொன்ன பதினோரு அடி அலை அதுதான். ஆகவே அவருக்கு நைட் டூட்டி இருக்கும் வாரங்களில் காலை 9 முதல் 2 மணி வரை தொப்பிக்கு மட்டும் துணி சுற்றி வாசிப்பது என்று அப்பாவும் அவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். டூட்டிச் சீட்டின் நகல் எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

மிச்சமிருக்கும் பலவீனம் கதவுதான். தை முகூர்த்தங்கள் முடிந்ததும் முதல் கதவுக்கு மூன்றடி தள்ளி இன்னொரு கதவு போட எண்ணம். இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும். கூரை, காற்றுப் பெட்டி இரண்டின் அளவுப் படங்களும் டிராயிங் ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் வந்து கேட்டால் ஜெராக்ஸ் எடுத்துக் கொள்ளக் கொடுக்கிறேன். காபி டீ எதுவும் வேண்டாம், ஷீட்டைக் கசக்காமல் திருப்பிக் கொடுத்தால் போதும்.